இறங்கிக்கொண்டே வந்த கோடு

எல்லோரும் சௌக்கியமா? போன வாரம் வீட்டுக்கு வீடு சளியும் இருமலும் என்று எழுதியிருந்தீர்கள். வெந்நீர் குடியுங்கள். வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போங்கள். என் முழங்கால் வழக்கம்போல்தான், அதை விடுங்கள்.

கடிதங்களை எல்லாம் படித்தேன். பாதிக்கு மேல் அண்ணனைத் திட்டித்தான் வந்திருக்கின்றன. மகளின் பிறந்தநாளன்று தங்கை சமையலறையிலிருந்து, "அண்ணா, கேக் வெட்டப்போறோம், வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாரே, அது உங்களுக்குப் பொறுக்கவில்லை. "கம்பெனியில் பங்கு கிடைத்ததும் தலை கனத்துவிட்டது" என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். தங்கையும் அப்படித்தான் நினைத்தாள். இந்தச் செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மோட்டார் மெக்கானிக். முப்பது வருஷத் தொழில். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயரே ஸ்டெதாஸ்கோப். தங்கை கம்ப்யூட்டர் படித்தவள். அண்ணன் கேட்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஐந்து வருஷத்துக்கு முன் கிளம்பியதுதான் இந்தக் கம்பெனி. மோட்டாரில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிவைப்பார்கள். அது சத்தத்தைப் பதிந்து அனுப்பும். அண்ணன் ஹெட்போனில் கேட்டு, 'பேரிங் போகுது', 'காத்தாடி தட்டுது', 'நல்லா இருக்கு' என்று குறித்துவைப்பார். அவர் குறித்ததைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். விற்பது தங்கையின் கணவர் வேலை. நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். அவரை மாப்பிள்ளை என்றே சொல்வோம்.

முதல் ஆர்டர் வந்த அன்று மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததையும், பிறகு ஆர்டர்கள் ஒவ்வொன்றாய் நழுவியதையும் போன அத்தியாயங்களில் பார்த்தோம். இப்போது பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்குக் கம்பெனி, "சோதனையில் ஜெயித்தால் எங்கள் எல்லாக் கிடங்குக்கும் உங்கள் பெட்டிதான்" என்று சொல்லியிருந்தது. தோற்றால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்.

அந்தச் சோதனைதான் செவ்வாய்க்கிழமை.

காரை மாப்பிள்ளை ஓட்டினார். பக்கத்தில் அண்ணன். பின்னால் தங்கை, மடியில் லேப்டாப். கார் கீக் கீக் என்று விடாமல் கத்திக்கொண்டு வந்தது.

"மச்சான், பெல்ட்டப் போடுங்க. காரு அழுவுது."

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்!"

"ஆங்? ஆமா ஆமா."

ஆமா என்றாரே தவிர பெல்ட்டைத் தொடவில்லை. மாப்பிள்ளையே ஒரு கையால் எட்டி இழுத்து மாட்டிவிட்டார்.

"பெரிய மனுஷன் ஆயிட்டாரு. நம்ம பேசுறதெல்லாம் இனிமே அவர் காதுல ஏறாது" என்று கண்ணாடியில் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா வர்றீங்களா?"

கிடங்கின் பின்புறம் இயந்திர அறை. எட்டு மோட்டார்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. மெயின்டெனன்ஸ் பொறுப்பில் இருந்தவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. கம்பளிச் சட்டை, விரலெல்லாம் கிரீஸ். பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

"எட்டுல எது எது நோயாளின்னு எனக்குத் தெரியும். நான் வாயத் திறக்க மாட்டேன். உங்க பெட்டி சொல்லட்டும்."

பெட்டிகளை ஒட்டினார்கள். பத்து நிமிஷம். தங்கையின் திரையில் வரிசையாகப் பதில் வந்தது. இரண்டாம் நம்பரில் காத்தாடி தட்டுகிறது. ஏழாம் நம்பரில் அடி போல்ட் தளர்ந்திருக்கிறது. மற்றதெல்லாம் பச்சை.

"அட, பரவால்லையே!" என்றார் அந்த அம்மா. "ஏழு நேத்துதான் லூஸாச்சு."

மாப்பிள்ளை தங்கையின் முதுகில் லேசாகத் தட்டினார். அவளுக்கு ஐந்து வருஷம் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு தட்டலில் கரைந்துபோன மாதிரி இருந்தது.

"அஞ்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அஞ்சு நல்லா இருக்குங்க. பச்சை."

அதே நேரம் டீ கொண்டுவந்த பெண்மணி ஐந்தாம் நம்பரைத் தாண்டும்போது, தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையால் காதைப் பொத்தினார்.

"இன்னும் இதச் சரி பண்ணலையா மேடம்? பல்லு கூசுது!"

அப்போதுதான் தங்கை அதைக் கேட்டாள். கம்பியைக் கண்ணாடியில் இழுத்த மாதிரி, மெலிசாக, ஈஈஈ என்று ஒரு சத்தம். அறைக்குள் நுழைந்ததிலிருந்தே அது அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. திரை பச்சை காட்டியதால், அது கோளாறாக இருக்காது என்று அவளே முடிவு செய்துகொண்டிருந்தாள்.

"பேரிங் போன பழைய மோட்டார மெனக்கெட்டுத் தேடி மாட்டி வச்சேன்" என்றார் அந்த அம்மா. "இன்னும் பத்து நாள் ஓடினா இறுகி நின்னுடும்." அண்ணன் பக்கம் திரும்பி, எதிரே வந்து நின்று கேட்டார். "நீங்கதானே அந்தக் காதுக்காரர்? நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அண்ணன் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனி மோட்டாரில், பிடி காதில். கண்ணை மூடிக்கொண்டார். மற்ற எல்லார் காதையும் அந்தச் சத்தம் அறுத்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் மட்டும் ஒரு சுளிப்பும் இல்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி உள்ளங்கையை மோட்டார் மேல் வைத்தார்.

"நல்லா ஓடுதும்மா. கரகரப்பே இல்ல" என்று சிரித்தார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணனும் அவளைத்தான் பார்த்தார்.

மாப்பிள்ளைதான் முதலில் சுதாரித்தார். "மைக்குங்க மேடம்! குளுருக்கு மைக் மக்கர் பண்ணுது. புதுசு போட்டு எடுத்துட்டு வர்றோம்."

"மைக்குக்குக் குளுரு, சரி. அவருக்குமா?"

மாப்பிள்ளை அவசரமாகப் பெட்டிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் தர்றேன்" என்று அந்த அம்மா தன் கார்டை நீட்டினார். அது அண்ணன் கைக்குப் போனது. "சரியான மைக்கோட வாங்க. இல்லேன்னா சரியான காரணத்தோட வாங்க."

திரும்பி வந்து, பட்டறை வாசலில் இறங்கும்போது அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டார்.

"அந்தம்மா மொகம் ஏன் குட்டி அப்படிப் போச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணா. மைக்குதான்."

"ஆமா ஆமா" என்றார். ஆனால் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டுப் போனார்.

ஆபீஸ் என்றால் மாடியில் இரண்டு அறைதான். தங்கை யாரிடமும் பேசாமல் அண்ணனின் மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்தாள். உள்ளே நாலு ஹெட்போன். முதலாவது சாதாரணமானது. "இது சரியில்ல குட்டி, வேற வாங்கலாமா?" என்று அவர் கேட்டபோது இரண்டாவது வந்தது. பிறகு மூன்றாவது. நாலாவது இருப்பதிலேயே உசத்தி. "உங்கண்ணனுக்கு ஹெட்போன் பைத்தியம்" என்று மாப்பிள்ளை கிண்டல் செய்ய, ஆபீஸே சிரித்திருக்கிறது. அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நாலாவதை எடுத்து மாட்டிக்கொண்டாள். போன வருஷத்துப் பதிவுகளில் அண்ணன் 'நல்லா இருக்கு' என்று குறித்தவற்றைக் கேட்க ஆரம்பித்தாள். முதலாவது சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி.

மூன்றாவதில் ஈஈஈ.

ஒன்பதாவதில் மறுபடியும்.

ஐந்து வருஷத்தில் அவள் ஒரு மோட்டாரைக்கூடக் காதால் கேட்டதில்லை, தெரியுமா? அவளுக்கு எல்லாமே எண்ணாகவும் கோடாகவும்தான் வரும். அந்தக் கோடு ஒன்று சட்டம் போட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மாதாமாதம் எத்தனை மோட்டாரில் பேரிங் கோளாறு கண்டுபிடித்தோம் என்று காட்டும் கோடு. முதல் வருஷம் உச்சியில் இருந்தது. மூன்றாம் வருஷக் கடைசியிலிருந்து இறங்க ஆரம்பித்து, போன வருஷம் தரையைத் தொட்டுவிட்டது. "எங்க பெட்டி இருக்குற எடத்துல பேரிங் கெட்டே போறதில்ல" என்று முதலீட்டாளர்களிடம் இந்தக் கோட்டைக் காட்டித்தான் மாப்பிள்ளை கைதட்டல் வாங்கினார். அன்றைக்குக் கேக் வெட்டினார்கள். முதல் துண்டை அண்ணனுக்குத்தான் ஊட்டினார்கள்.

பேரிங்கெல்லாம் எப்போதும்போல் கெட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கோடு இறங்கியது அண்ணனின் காதோடு.

இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் புதுப் பெட்டி வந்தபோது, பழைய பதிவுகள் தரம் குறைவு என்று அவள்தான் ஒதுக்கிவைத்தாள். புதியவற்றிலிருந்து மட்டும் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தாள். அண்ணன் நன்றாகக் கேட்ட மூன்று வருஷத்தைத் தன் கையாலேயே தூக்கிப்போட்டுவிட்டாள்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தாள். அவர் கேட்டார். சுவரைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சானுக்கா?"

"ம்."

"மூணு வாடிக்கையாளர் போன வருஷம் காரணமே சொல்லாம போனாங்களே..."

"ம்."

வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஒரு சத்தத்த மட்டும் நீ கேட்டு மார்க் பண்ணு. கத்துக்குடுத்துடலாம். வெளிய யாருக்கும் தெரிய வேணாம். மச்சானுக்கும் தெரிய வேணாம், மனுஷன் ஒடஞ்சு போயிடுவாரு."

"வெள்ளிக்கிழமை ஜெயிச்சுடுவோம். ஏற்கெனவே வெளிய ஓடுற பெட்டியெல்லாம்? லிஃப்ட் மோட்டார்ல இருக்கு. ஆஸ்பத்திரி தண்ணி பம்புல இருக்கு. எல்லாம் பச்சை காட்டிட்டு இருக்குங்க."

"கொஞ்சம் கொஞ்சமா மாத்திடலாம்மா."

"அதுக்குள்ள ஒண்ணு நின்னு போச்சுன்னா?"

"நீ சுலபமா கேட்டுட்ட. கதவுக்கு அந்தப் பக்கம் பதினோரு பேரு உக்காந்திருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்து நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" குரல் உடைந்துவிட்டது. "ஐயோ, அந்தக் கோட்ட எத்தன பேருகிட்ட காட்டியிருக்கேன் நான்!"

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோன மனுஷன், அவ்வளவுதான். தங்கைக்கு அவரிடம் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அவள்மேலேயே திரும்பிக்கொண்டு நின்றது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் பட்டறை வாசலில் அண்ணி உட்கார்ந்து செம்புக்கம்பியைச் சுருளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நாத்தனார் முகத்தைப் பார்த்ததுமே கை நின்றது.

"தெரிஞ்சுபோச்சா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"ரெண்டு வருஷமா அவர் மொகத்துக்கு நேரா நின்னுதான் பேசுறேன். எனக்குத் தெரியாதா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவரே சொல்றேன்னுதான் ஒருநாள் ஆபீஸுக்கு வந்தாரு. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு, ஞாபகம் இருக்கா? நீ பிஸின்னு சொன்னியாம்."

ஞாபகம் இருந்தது. முதலீட்டாளர்கள் வருகிற நாள். அண்ணன் கதவருகே நின்று, "குட்டி, ஒரு விஷயம்" என்றார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்புறம்ணா" என்றாள். அவள் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லையோ என்னவோ, இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். அன்று மத்தியானம்தான் அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி, தோளில் கைபோட்டு, "எங்க அண்ணன் காதுதான் எங்க கம்பெனி" என்று பெருமையாகச் சொன்னாள்.

"உள்ள போ" என்றாள் அண்ணி. "முன்னாடி போய் நின்னு பேசு."

அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அண்ணா" என்றாள். திரும்பவில்லை. பிறந்தநாளன்று மூன்று தடவை கூப்பிட்டதும், பிறகு ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசாமல் இருந்ததும் அவள் நினைவில் வந்து குத்தின. அண்ணி சொன்னபடி முன்னால் போகாமல் அங்கேயே நின்று, "என் தப்புண்ணா" என்று அந்த முதுகிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

ஸ்பேனரை எடுக்கத் திரும்பியவர் அவளைப் பார்த்தார்.

"அட, எப்ப வந்த குட்டி?"

அவள் நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். "எப்பலேருந்துண்ணா?"

என்ன என்று அவர் கேட்கவில்லை. பழந்துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது ஹெட்போன் வாங்குனப்பவே தெரியும். கரகர, கடகடன்னா இப்பவும் கேக்குது. மெலிசா வர்றது மட்டும் வர்றதில்ல. முப்பது வருஷம் இந்தச் சத்தத்துக்குள்ளயே கெடந்தேன்ல."

"ஏன் சொல்லல?"

"என் காதுதான் கம்பெனின்னு சொல்லிட்டியே. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவள் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார். அவள் வாயசைவைப் பார்க்கத்தான்.

"தெரியாததுக்கெல்லாம் என்னண்ணா போட்ட?"

"நல்லா இருக்குன்னு போட்டேன். கெட்டுப்போச்சுன்னு போட்டா யாரோ ஒருத்தன் ஓடுற மோட்டாரக் கழட்டிப் போட்டுட்டு வேலய நிறுத்துவான். பாவம்ல."

அந்தப் பாவம்தான் இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நான் நல்லா ஓடுதுன்னு சொன்னப்ப உன் மொகத்தப் பாத்தேன்" என்றார். "அப்பவே புரிஞ்சுபோச்சு. அதான் வந்ததும் அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"கார்டு குடுத்தாங்கள்ல, அவங்களுக்கு. மைக் இல்லம்மா, என் காதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷமா நான் போட்ட மார்க்க நம்பாதீங்க, மாப்ள மேலயும் தங்கச்சி மேலயும் தப்பில்ல, அவங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். ஒண்ணையும் மறைக்கல."

தங்கை அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவங்க என்னண்ணா சொன்னாங்க?"

அண்ணன் கழற்றிவைத்த மோட்டாரைப் பார்த்தார். வாசலில் நின்ற அண்ணியைப் பார்த்தார்.

"ரொம்ப நேரம் பேசுனாங்க. நடுவுல ஏதோ கேட்டாங்க. அங்க மோட்டார் சத்தம் வேற..." குரல் இறங்கிப்போனது. "நான் ஆமா ஆமான்னு சொல்லிட்டு வச்சிட்டேன்."

அவள் மடியில் ஃபோன் அதிர்ந்தது. மாப்பிள்ளையிடமிருந்து செய்தி. 'அந்த மேடம் இப்பதான் பேசினாங்க. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு வரச் சொல்றாங்க. மச்சான் ஒத்துக்கிட்டாராமே? எதுக்கு ஒத்துக்கிட்டாரு?'

அவள் படித்துவிட்டு, திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள்.

கதை இங்கே நிற்கட்டும். இனி உங்கள் முறை. கூப்பிட்டும் திரும்பாத ஒருவரைத் திமிர் என்று திட்டிவிட்டு, பிறகு காரணம் தெரிந்து நீங்கள் விழித்தது உண்டா? என் வீட்டுக்காரரை நான் ஒரு வருஷம் "செவிடா?" என்று திட்டியிருக்கிறேன். நிஜமாகவே அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன், ஆனால் மெல்லிய குரலில். உங்கள் வீட்டுக் கதையை ஒளிக்காமல் எழுதுங்கள், ஒரு தாளாவது நிறையட்டும்.